தலக்கோனாவில் தோற்ற பந்தயம்

முனிரத்தினம் மாமாவோடு பந்தயம் கட்டக் கூடாது என்று நகரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் கட்டினேன்.

மாமா என் அக்கா சரோஜாவின் வீட்டுக்காரர். எட்டு விசைத்தறி போட்ட செட் ஒன்று வைத்திருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தச் சத்தத்துக்குள்ளேயே நின்றதில் காது போய்விட்டது. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். சுற்றிக்கொண்டு போய் முன்னால் முகத்தைக் காட்ட வேண்டும். உதட்டைப் பார்த்து என்ன சொல்கிறோம் என்று பிடித்துக்கொள்வார். குக்கர் விசில், செல்போன் மணி எதுவும் காதில் ஏறாது. அக்கா சமையலறையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், கடைசியில் கத்துவதையே விட்டுவிட்டாள். இப்போது அந்த வீட்டில் பேச்செல்லாம் கையால்தான்.

தறிச் செட்டில் வேலை பார்த்தவர்களுக்குக் கைப்பேச்சு புதிதில்லை. எட்டுத் தறியும் ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. இரண்டு கையையும் முஷ்டி பிடித்துச் சேர்த்து வைத்துப் படக்கென்று பிரித்தால், இழை அறுந்துவிட்டது, தறியை நிறுத்து. விரலைச் சுழற்றிவிட்டு உள்ளங்கையை விரித்தால், தார் தீர்ந்துபோனது, நாடாவுக்குள் வேறு நூல்கண்டு வை. கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ. மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். பள்ளிக்கூட லீவில் தார் சுற்றப் போன எனக்கும் இதெல்லாம் அத்துப்படி. அப்புறம் படித்து, சித்தூரில் மாங்கூழ்த் தொழிற்சாலை லேப்பில் உட்கார்ந்து, எல்லாம் மறந்துபோனது என்று நினைத்திருந்தேன்.

அக்காவின் குறை ஒன்றே ஒன்று. "பாபு, எட்டு வருஷமா என் கொரல் எப்டி கீதுன்னே உங்க மாமாவுக்குத் தெரியாதுடா. கைய ஆட்டி ஆட்டி நான் பொம்மையாட்டம் ஆயிட்டேன். காதுக்கு ஒரு மிஷினு மாட்டிக்கச் சொல்லேன்" என்பாள்.

மாமா மாட்டிக்கொள்ள மாட்டார். அதற்கு அவர் சொல்லும் காரணத்தைக் கேட்டால் நமக்கே வாயடைத்துப் போகும். "செட்டுல அல்லாருக்கும் இதே கததான் மச்சான். இப்போ யாரும் செவுடன் இல்ல. நான் ஒருத்தன் காதுல ஒண்ண மாட்டிக்கினு போய் நின்னா, அன்னையிலேர்ந்து நான்தான் செவுடன்."

இந்த ஆவணியில் மாங்கூழ் சீசன் முடிந்து எனக்கு லீவு கிடைத்தது. திருப்பதியில் காது பார்க்கும் இடம் ஒன்றில் பேசி வைத்தேன். முதல் நாள் பரிசோதனை, மூன்றாம் நாள் கருவி. நடுவில் ஒரு நாள் சும்மா. மாமா யோசித்துவிட்டு, அந்த நடுநாளில் தலக்கோனா அருவிக்குக் கூட்டிப்போனால் வருகிறேன் என்றார். இத்தனை பக்கத்தில் இருந்தும் அவர் அதைப் பார்த்ததில்லை. தறிக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமைகூடத் தறி ரிப்பேர்தான்.

பிறகுதான் பந்தயத்தைப் போட்டார். "அருவி சத்தம் என் காதுல வுழுந்துச்சின்னா மிஷினு வாணாம். வுழலேன்னா, நீ சொல்ற எடத்துல வந்து மாட்டிக்கிறேன். சம்மதமா?"

குக்கர் விசில் கேட்காதவருக்கு அருவி கேட்கவா போகிறது என்று உடனே கையடித்துக் கொடுத்தேன். அக்காவும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் திருப்பதியில் மாமாவைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும். வெளியே உட்கார்ந்திருந்த பெண் பொத்தானை அழுத்த அழுத்த மாமா டாண் டாணென்று கையைத் தூக்கினார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, இந்த மனிதர் இத்தனை வருஷம் நம்மை ஏமாற்றினாரா என்று. அந்தப் பெண் கெட்டிக்காரி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தெலுங்கில், "ஐயா என் கையையே பார்க்கிறாரு" என்றாள். உண்மைதான். அவள் மணிக்கட்டு அசைவதைப் பார்த்துப் பார்த்துக் கை தூக்கியிருக்கிறார். ஆயுள் முழுக்கக் கையைப் பார்த்தே பேச்சைப் பிடித்தவரை வேறெப்படி உட்கார வைத்தாலும் அதைத்தான் செய்வார். நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டதும் கை எப்போதாவதுதான் மடியிலிருந்து எழுந்தது.

அப்புறம் அவள் ஒரு கோட்டுப்படத்தை விரித்துக் காட்டினாள். கோடு இடது பக்கம் நன்றாகத்தான் இருந்தது. வலது பக்கம் போகப் போகக் கிணற்றில் இறங்கியது. "கனமான சத்தம் கேக்கும். லாரி, மோட்டார், இடி எல்லாம் கேக்கும். மெல்லிசு சத்தம்தான் சுத்தமா போயிருக்கு. விசில், மணி, பறவை, பெண்கள் பேச்சு."

எனக்குப் பந்தயம் ஞாபகம் வந்தது. அருவி எந்தப் பக்கம் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்காமலே தெரிந்தது, கனமான பக்கம்தான். லேப்பில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன், கையடிக்கும் முன் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். வெளியே வந்து, கூட வந்திருந்த அக்காவிடம் சொன்னதும், "போடா, படிச்ச கழுத" என்று மட்டும் சொன்னாள். அன்று சாயங்காலம் முழுக்க என்னோடு பேசவில்லை.

விடுதி மாடியிலிருந்து மலை தெரிந்தது. திருப்பதியில் எங்கே நின்றாலும் மலை தெரியும். ஊரே அதைப் பார்த்துக் கும்பிட்டுப் பிழைக்கிறது. ஆனால் அந்த மலைக்குப் பின்பக்கம், தலக்கோனா இருக்கும் பக்கம், என்ன இருக்கிறது என்று நான் இத்தனை வயதுக்கு ஒருநாளும் கேட்டதில்லை. சித்தூருக்கும் திருப்பதிக்கும் வாரம் ஒருமுறை பஸ்ஸில் போய் வருகிறவன் நான்.

மறுநாள் காலை காரம் தடவிய தோசையும் வேர்க்கடலைச் சட்னியும் சாப்பிட்டுவிட்டு ஜீப் ஏறினோம். பாதி வழியில் டயர் பஞ்சர். மாற்று டயரை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. டிரைவர் கொஞ்சமும் கலங்காமல், "பத்து நிமிஷம் சார்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, டயரோடு இன்னொருவர் பைக்கில் ஏறிப்போனார். அந்தப் பத்து நிமிஷம் ஒன்றேகால் மணி நேரம் ஓடியது. நல்லவேளை, நின்ற இடம் ஒரு சாப்பாட்டுக் கடை வாசல். கடைக்கார அம்மா, "மேலே போறப்ப சொல்லிட்டுப் போங்க. இறங்கி வர்றப்ப நாட்டுக்கோழிக் குழம்பும் ராகி சங்கடிக் களியும் சூடா இருக்கும்" என்றார். அங்கே அதுதான் வழக்கமாம். கோழி இன்னும் கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு அக்காவிடம் கையால் என்னவோ கேட்டார். அக்கா சிரித்தாள். என்ன என்று கேட்டேன். "அதுக்கும் நமக்கும் யாருக்கு மொதல்ல நேரம் வருதுன்னு கேக்குறாரு" என்றாள். ஒருவழியாக என்னோடு பேசிவிட்டாள்.

காட்டு வாசலில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். தீப்பெட்டி கூடாது, பிளாஸ்டிக் கூடாது. அக்கா வழிக்கு வைத்திருந்த மிக்சர் பொட்டலம் பறிமுதல் ஆனது. எங்களோடு வந்த வனத்துறை வாட்சர் பெயர் ரமணய்யா. ஐம்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. அந்தச் செருப்போடு அவர் பாறையில் ஏறிய வேகத்துக்கு என் புது ஷூ ஈடு கொடுக்கவில்லை.

கொஞ்ச தூரம் ஏறியதும் இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்தது. நடுவில் ஓடை. நிமிர்ந்து பார்த்தால் சிவப்பும் பழுப்புமாகப் பாறை, அடுக்கு அடுக்காக, செங்குத்தாக. கழுத்து வலிக்கும் உயரத்தில் ஒரு துண்டு வானம். பாறை இடுக்கிலெல்லாம் மரம் முளைத்திருந்தது. வேருக்கு மண் எங்கே கிடைத்தது என்று கடைசி வரை எனக்குப் புரியவில்லை. மாமா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மடிச்சி அடுக்கி வச்ச துணி மாதிரியே கீது மச்சான். யாரு அடுக்குனது இத்த?"

ரமணய்யாவிடம் தெலுங்கில் சொன்னேன். ஆற்றுத் தண்ணீர் அறுத்து அறுத்து இப்படி ஆனது என்றார். தண்ணீரா என்று மாமா ஓடையைத் திரும்பிப் பார்த்தார். அது அவர் முழங்காலுக்கு வரவில்லை.

ஓடையின் குறுக்கே ஒரு கொடி போனது. கொடி என்றால் நம் வீட்டுப் பந்தலில் ஏறும் கொடி இல்லை. என் தொடைப் பருமன். இந்தக் கரையில் ஒரு மரத்திலிருந்து கிளம்பி, தலைக்கு மேலே வளைந்து, அந்தக் கரையில் காட்டுக்குள் போய்விட்டது. அதன் முடிவைத் தான் பார்த்ததே இல்லை என்று ரமணய்யா சொன்னார். காற்றில் ஈரமும் பச்சை இலை வாசனையும். திருப்பதியிலிருந்து கிளம்பி அரை நாள்கூட ஆகவில்லை. வேறு நாட்டுக்கு வந்துவிட்டதாகவே இருந்தது. நாம் பாஸ்போர்ட் எடுத்து எங்கெங்கோ போக ஆசைப்படுகிறோம், இது இங்கேயே இருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது.

என் கவனம் பாதி மாமாவின் முகத்திலேயே இருந்தது. எனக்கு அருவி கேட்க ஆரம்பித்துவிட்டது. அவர் ஒன்றும் கேட்காதவராக நடந்துகொண்டிருந்தார். ஒரு வளைவு தாண்டினோம், இன்னொரு வளைவும் தாண்டினோம். எனக்கு மெல்ல நம்பிக்கை வந்தது. அக்கா என் தோளைத் தட்டிக் கண்ணைக் காட்டினாள்.

மூன்றாவது வளைவில் மாமா நின்றார். நெஞ்சில் கையை வைத்தார்.

"செட்டு ஓடுது" என்றார். பிறகு அவர் முகமெல்லாம் சிரிப்பு. "கேக்குதுடா மச்சான். நல்லா கேக்குது."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டாம். நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். அது அவிழவே இல்லை.

அருவியைப் பார்த்ததும் பந்தயம் மறந்துவிட்டது. அவ்வளவு உயரத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மேலே பாறை விளிம்பில் கிளம்பும் தண்ணீர் பாதி வழியிலேயே புகையாகிவிடுகிறது. மீதிதான் கீழே பாறையில் அறைகிறது. வெயில் வந்து போகும்போதெல்லாம் பாறைச் சுவர் முழுக்கப் பளபளத்து அடங்கியது. வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். சட்டை நனைந்ததுகூடத் தெரியவில்லை.

அங்கே இன்னொன்றும் தெரிந்தது. அந்த இரைச்சலில் அத்தனை பேருக்கும் காது போய்விட்டது. வந்திருந்த குடும்பங்களெல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்தினார்கள். யாருக்கும் எதுவும் புரியவில்லை. ஒரு பெண் கணவனிடம் துண்டு கேட்க, அவர் செல்போனைக் கொண்டுவந்து கொடுத்தார். அருவி விழும் குட்டையின் இந்தக் கரையில் அக்கா, அந்தக் கரையில் மாமா. இவர்கள் இருவர் மட்டும் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஜில்லென்று இருக்கிறதா, வேட்டி நனைந்துவிட்டதே, மாற்றுக்கு என்ன, பரவாயில்லை வெயிலில் காய்ந்துவிடும், கோழி இந்நேரம் சட்டியில் இருக்கும். கை போய் வந்துகொண்டே இருந்தது. ரமணய்யா அருவியை விட்டுவிட்டு அவர்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் போட்டோ எடுக்க இன்னும் இரண்டு பாறை தாண்டிப் போனேன். ரமணய்யா விசில் ஊதியிருக்கிறார். கத்தியும் இருக்கிறார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பாறையில் காலை வைக்கத் தூக்கியபோது எதிர்க்கரையில் மாமா தெரிந்தார். இரண்டு கையையும் முஷ்டி பிடித்துச் சேர்த்துப் படக்கென்று பிரித்தார். என் கால் அந்தரத்தில் நின்றுவிட்டது. நான் யோசித்து நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. குனிந்து பார்த்தால் நான் மிதிக்க இருந்த இடம் பாறையே இல்லை. தண்ணீரோடு சமமாகப் படர்ந்த பாசி, அதற்குக் கீழே கறுத்த ஆழம். கையையும் ஊன்றித் தவழ்ந்தே திரும்பி வந்தேன். ரமணய்யா அங்கே பிரசங்கம் வைத்தார். நல்லவேளை, அதுவும் கேட்கவில்லை.

இறங்கும்போது வேறு பாதை. கொஞ்சம் கொஞ்சமாக அருவி பின்னால் போய், காடு அமைதியானது. மூங்கில் புதர் ஒன்றின் அருகே ரமணய்யா கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். உதட்டில் விரலை வைத்தார்.

முதலில் எனக்கும் ஒன்றுமில்லை. பிறகு ஆரம்பித்தது. ஒரு பறவை. மேலே போய், இறங்கி, நின்று, மறுபடி வேறெங்கிருந்தோ எடுத்து. ஒருதரம் பாடியதை மறுதரம் பாடவில்லை. அதன் வால் நீளம், வயிறு செங்கல் நிறம். அதற்குமேல் அதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. எத்தனை நேரம் அப்படி நின்றோமோ. அக்காவின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

மாமா மரத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பழையபடி மரத்தைப் பார்த்தார். பிறகு அக்காவின் முகத்திலேயே கண்ணை நிறுத்திக்கொண்டார். கையால் கேட்டார்: என்ன?

அக்கா இரண்டு கையாலும் சிறகடித்துக் காட்டினாள். பறவை.

என்ன செய்கிறது என்றார்.

அக்காவின் கை எழுந்து அப்படியே நின்றது. இழை, தார், நாடா, மோட்டார், டீ, முதலாளி, எல்லாவற்றுக்கும் கை இருக்கிறது. இதற்கு இல்லை. கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் இரண்டு விரலால் தன் உதட்டிலிருந்து ஒரு மெல்லிய இழையைப் பிடித்து இழுத்தாள். இழுத்துக்கொண்டே போனாள், கை நீளும் மட்டும். மேலே தூக்கி, வளைத்து, கீழே விட்டு, அறுத்து, திரும்ப உதட்டிலிருந்து எடுத்தாள். மாமா அந்த இல்லாத நூலைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே இருந்தார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பறவை போனதும் மாமா வாய் திறந்தார். "மேல ஏறி வந்தப்போ இது கத்துச்சா?"

ரமணய்யாவிடம் கேட்டேன். "இது இல்லேன்னா இன்னொண்ணு. வழி முழுக்கக் கத்திக்கிட்டேதான் இருந்துச்சு" என்றார். அதை மாமாவின் முகத்துக்கு நேராக நின்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

கோழிக் குழம்பு நாக்கில் நெருப்பை வைத்தது. சங்கடி உருண்டை ஒவ்வொன்றும் குழந்தை தலை அளவு. நான் ஒன்றரையில் சரணடைந்தேன். எப்போதும் மூன்று உருண்டை தின்னும் மாமா ஒன்றோடு எழுந்து கை கழுவினார். அக்கா கவலையோடு என்னைப் பார்த்தாள். ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"நாளைக்கி எத்தினி மணிக்கு வரச் சொல்லிச்சி அந்தப் பொண்ணு?"

"பந்தயத்துல நீங்கதான மாமா கெலிச்சீங்க" என்றேன்.

"கெலிச்சவன்தான கேக்குறேன். மணி சொல்லு."

மூன்றாம் நாள் அந்தப் பெண் மாமாவின் காதுக்குப் பின்னால் கருவியை மாட்டி முடுக்கினாள். நான் ஏதோ பெரிய அதிசயத்துக்குக் காத்திருந்தேன். மாமா பல் வலிக்காரர் மாதிரி முகத்தைச் சுளித்தார். "இன்னாம்மா அது, கிர்ருனு?" என்று கேட்டார். மின்விசிறி. "அது?" அவள் பேனா மூடியைத் திறந்தது. தன் வேட்டி உரசியதற்கு ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பழகுவதற்கு நாளாகும், தறி ஓடும்போது கழற்றிவிட வேண்டும் என்று அவள் சொல்லி அனுப்பினாள்.

தெருவில் இறங்கினால் திருப்பதி. ஆட்டோ, பஸ், ஏர் ஹாரன், லவுட் ஸ்பீக்கர். மாமா இரண்டடி நடந்தார், நின்றார், காதுக்குக் கையைக் கொண்டுபோனார். "மண்டைக்குள்ள தகரத்தப் போட்டு உருட்டுற மாதிரி கீது." கழற்றப் போகிறார் என்றே நினைத்தேன். ஒரு டீக்கடை நிழலில் ஒதுங்கினோம்.

அக்கா கொஞ்சம் தள்ளி நின்றாள். பழக்க தோஷத்தில் கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தாள். டீ?

மாமா அவளையே பார்த்தார். அக்கா மறுபடி விரலைச் சாய்த்தாள்.

காதருகே போன கையை மாமா கீழே விட்டார். "வாயால கேளு சரோஜா."

அக்கா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. எட்டு வருஷத்தில், அவரிடம் எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துவிட்டிருந்தது. என்னைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில் கேட்டாள்.

"டீ குடிக்கிறியா?"

"இன்னொரு வாட்டி கேளு" என்றார் மாமா.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்தாள். கேட்டாள். அப்போது மாமாவுக்குப் பின்னால், அடுப்படியிலிருந்து டீ மாஸ்டர் தெலுங்கில், "எத்தனை?" என்று குரல் கொடுத்தார். நான் சொல்ல வாயெடுத்தேன்.

"மூணு" என்றார் மாமா, திரும்பாமலே. "ஒண்ணுல சக்கர வாணாம்."